பசியாமல் உண்பது

பசியைப் பகையென்றே நாம் பழித்து வந்திருக்கிறோம். அந்தப் பகை தொலைந்தால் மனிதனுக்கு நிம்மதிதானா?

பருமன் குறைவதற்காக இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்த ‘கிரெலின்’ என்ற பசி தூண்டும் சுரப்பு, பெரும்பாலும் வெட்டுப்படும் அந்தப் பகுதியில்தான் ஊறுகிறது. அதனால் பலருக்குப் பல மாதங்கள் பசியே எடுப்பதில்லை.

அப்படிப்பட்ட நண்பர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறார். முதலில் பருப்பு, பிறகே இரண்டு வாய் சோறு. “மருந்து குடிப்பதுபோல் இருக்கிறது, சார்” என்றார். எனக்கு இரக்கத்தைவிட மரியாதையே தோன்றியது. பசித்து உண்பது உடலின் இழுப்பு. பசியாமலே, நாளையும் வாழவேண்டுமென்று ஒரு கவளத்தை எடுக்கிறாரே, அது மனத்தின் செயல். ஆசை கைவிட்ட இடத்தில் கடமை கைகொடுக்கிறது. அன்பும் சில காலங்களில் அப்படித்தானே பிழைத்துக் கிடக்கிறது!