கண்ட அளவே சாட்சி

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், ஜவ்வாது மலையை அடுத்து அமைந்திருக்கிறது கண்ணமங்கலம். சென்ற கோடையில் ஒரு காலை, ஊரைக் கடந்து மலைப்பக்கமாக நடந்தபோது, பூத்திருந்த இலுப்பை மரத்தில் குருவியளவேயான பறவை ஒன்றைக் கண்டோம். தொண்டையில் மஞ்சள் தெரிந்தது போலிருந்தது. “மாமா, மஞ்சள்தொண்டைச் சிட்டுதான், எழுதிக்கொள்ளட்டுமா?” என்று உடன்வந்த நம் சகோதரியின் மகன் குறிப்பேட்டைத் திறந்தான். நாம் விடை சொல்லுமுன் அது பறந்துவிட்டது.

எழுதலாமா? வறண்ட காடுகளில் வாழ்ந்து மரப்பொந்தில் கூடுகட்டும் அச்சிட்டின் முதுகில் ஊர்க்குருவிக்குள்ள கீற்றுகள் இல்லை. ஆணுக்குத் தோளில் செம்பழுப்புத் திட்டு உண்டு. சிறகில் வெண்பட்டை உண்டு. நாம் கண்டதோ முன்புறம் மட்டுமே. இலுப்பைப் பூவைக் கிளறிய எந்தக் குருவியின் கழுத்திலும் மகரந்தம் ஒட்டியிருக்கலாம் அன்றோ? ஆயினும் எழுதிவிடவே நம் உள்ளமும் விழைந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் வாழ்க்கையைத் திருப்பியதும் இதே சிட்டுதான். 1896-இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, மாமா அமீருத்தீன் தையப்ஜியின் வீட்டில் வளர்ந்த சிறுவர், விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். தொண்டையில் மஞ்சள் கறை. இதனை உண்பது ஆகுமானதா என்ற ஐயம் எழவே, மாமாவிடம் காட்டினார். மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டிடம் அனுப்பினார். ‘ஏதோ குருவி’ என்று அடுப்படிக்கு அனுப்பாமல், தெரியாததைத் தெரியாது என்று கேட்டதிலிருந்து தொடங்கியது அப்பெரும் கல்வி.

அங்கே உயிரற்ற உடல் கையிலிருந்தது, ஐயம் தீர்ந்தது. இங்கே உயிர் பறந்துபோயிற்று. ஐயம் நம்மிடம் தங்கிவிட்டது. இந்த இழப்பு நமக்கு உவப்பானதே.

பறவையின் பெயரைத் தவறாக எழுதினால் அதற்கொன்றும் நட்டமில்லை. ஆனால் சம்பந்தம் பேச வந்தவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரிக்கும்போது, காதில் விழுந்ததைக் கண்ணால் கண்டதாகவே உரைத்துவிடுகிறோமே! பொய்யுரைத்தோம் என்ற உறுத்தல்கூட நமக்கு இருப்பதில்லை.

“இலுப்பை மரம்; தொண்டையில் மஞ்சள் போன்றது; முதுகு காணவில்லை” என்று மட்டும் எழுதச் சொன்னோம். பிள்ளையின் முகம் வாடிற்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பின் மீண்டும் அம்மரத்தடிக்குப் போகவேண்டும் என்று அவனே நாள் குறித்துவிட்டான்.