பிடுங்கிய பிறகு

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஒரகடம் கூட்டு ரோட்டில் இறக்கிவிட்டபோது மணி ஏழரை. ராத்திரி முழுக்கப் பெய்த ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. மாடியேறி வந்தால், பொது வராண்டாவில் இருக்கும் என் கறிவேப்பிலைத் தொட்டியில் ஏழெட்டுக் காளான்கள். எலுமிச்சம்பழ மஞ்சள். அந்த வராண்டாவில் வேறு எதற்கும் அவ்வளவு பளிச்சென்ற நிறம் கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது அங்கே மண் மட்டும்தான் இருந்தது.

சாவியை எடுப்பதற்குள் பக்கத்துப் போர்ஷன் அக்கா கதவைத் திறந்தார். இடுப்பில் ஒன்றரை வயதுப் பாப்பா.

"தம்பி, அந்த நாய்க்குடையப் பிடுங்கிப் போட்டுடுங்க. இவ கண்ணுல பட்டா நேரா வாய்க்குத்தான் போகும்."

நான் குடிவந்து எட்டு மாதம். எங்களுக்குள் நடந்த முதல் நீளமான பேச்சு இதுதான். பிடுங்கினேன். மூன்றாம் நாள் மறுபடி வந்தது. மறுபடி பிடுங்கினேன். அடுத்த வாரமும் வந்தது. வார விடுமுறையில் உரக்கடைக்குப் போய் ஒரு பூஞ்சைக்கொல்லிப் பாக்கெட் வாங்கிவந்து ஜன்னல் மேல் வைத்தேன். அது இன்னும் பிரிக்காமல் அங்கேயே இருக்கிறது. ஏன் பிரிக்கவில்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

*

முதலில், அந்தக் காளான் யார் என்று தெரிந்துகொண்டேன். லூக்கோகாப்ரினஸ் பிர்ன்பாமி. வெப்பமண்டலத்துக்காரர். தொட்டிச் செடிகளின் மண்ணோடு சேர்ந்து உலகமெல்லாம் போனவர். 1839-இல் கோர்டா என்ற பூஞ்சையியலாளர் இதற்குப் பெயர் வைத்தபோது, பிராக் நகரத்துப் பசுமைக்குடில் ஒன்றில் இதைக் கண்டெடுத்த தோட்ட அதிகாரி பிர்ன்பாமின் பெயரையே வைத்தார். அழைக்காமல் வந்து நின்றவருக்கு, பார்த்தவரின் பெயர்.

இது உயிருள்ள வேரைத் தொடாது. செத்த இலை, மக்கிய நார், எரு இவற்றைத்தான் தின்னும். தின்று செரித்ததில் ஒரு பங்கு செடிக்கே உரமாகப் போய்ச் சேரும். ஆனால் மனிதர் சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டும். ஆகவே அக்கா சொன்னது முழுக்கச் சரி. குழந்தை நடமாடும் வராண்டாவில் அது நிற்கக்கூடாது.

இன்னொன்றும் தெரிந்தது. நாம் காளான் என்று பிடுங்குவது காளானின் காய் மட்டும்தான். உடம்பு மண்ணுக்குள் வெள்ளை நூலாகப் பரவிக் கிடக்கிறது. மாமரத்தில் மாங்காயைப் பறித்துவிட்டு மரத்தையே ஒழித்துவிட்டேன் என்று சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் என் மூன்று வாரப் பிடுங்கலும். மருந்து போட்டாலும் மண்ணுக்குள் இருக்கும் எல்லா நூலும் சாகாது. நல்லது செய்யும் மற்ற பூஞ்சைகளுக்கும் அடி விழும். குடை விரிவதற்கு முன்னால் பறிப்பது, மேல்மண்ணைச் சுரண்டி மாற்றுவது, தண்ணீரைக் குறைப்பது, வெயிலும் காற்றும் படும்படி தொட்டியை நகர்த்துவது. செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

என் தொட்டியில் இருப்பது பாதிக்கு மேல் கோகோபீட். ஒரு காலத்தில் கயிறு ஆலைகளின் ஓரத்தில் மலைமலையாகக் குவிந்து, யாருக்கும் வேண்டாமல் கிடந்த தென்னை நார்க் கழிவு. லேசில் மக்காது. அதை மக்கவைக்கக் கயிறு வாரியம் கண்ட வழி எது தெரியுமா? சிப்பிக் காளானின் வித்து. 'பித்பிளஸ்' என்ற பெயரில் அதை விற்கிறார்கள். நார்க் கழிவை அடுக்கி, நடுநடுவே வித்தும் யூரியாவும் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு மாதத்தில் உரம். அங்கே காளானை அழைத்து வேலைக்கு வைக்கிறோம். இங்கே அதே குலத்தில் ஒன்று, அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்துவிட்டுத் தலையை நீட்டினால், வேண்டாதது.

தமிழ் இதை முன்னாடியே பிரித்து வைத்திருக்கிறது. தட்டில் இருந்தால் காளான், சாக்கடையோரம் இருந்தால் நாய்க்குடை. மழை விட்ட காலையில் என் அம்மா புற்றுக்காளான் தேடிப் போவாள். கிடைத்த அன்றைக்கு வீட்டில் திருவிழா. அந்த அம்மாவே கொல்லையில் முளைக்கும் நாய்க்குடையைக் காலால் எத்திவிட்டுப் போவாள். உண்ணலாமா கூடாதா என்ற அறிவு அதில் இருக்கிறது. அது தேவையும்தான். ஆனால் அந்த அறிவோடு ஒரு தீர்ப்பும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

*

எங்கள் ஏரியாவில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம்: "காளான் மாதிரி முளைச்சிடுச்சுப்பா." லேடீஸ் ஹாஸ்டல், மெஸ், தகரக் கொட்டகை, ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கும் லைன் வீடு. எதைப் பார்த்தாலும் இதே உவமைதான். அதற்குள் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. ஒன்று, திடீரென்று வந்தது. இரண்டு, வேரில்லாமல் வந்தது.

இரண்டுமே காளானைத் தெரியாத பேச்சு. ராத்திரியோடு ராத்திரியாக வெளியே தெரிவதற்கு முன்னால் அது மண்ணுக்குள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வேலை பார்த்திருக்கும். ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது தொண்ணூறுகளில். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் தொடங்கி 2014-இல் மூடியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இல் திறந்தது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்த மண் நனைந்துகொண்டே இருக்கிறது. நனைத்தவர்கள், 'திடீரென்று' என்கிறார்கள்.

நம் பழைய கவிஞர் ஒருவர் காளானை வேறு மாதிரி பார்த்திருக்கிறார். புறநானூற்றின் 164-ஆம் பாட்டு. பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தன் வறுமையைச் சொல்கிறார். சமைத்தே பல நாளாகி, சமைப்பதையே மறந்துவிட்ட அடுப்பில் ஆம்பி பூத்திருக்கிறது. ஆம்பி என்றால் காளான். அங்கே காளான் குற்றவாளி கிடையாது, சாட்சி. அந்த வீட்டில் எத்தனை நாளாகத் தீ மூட்டவில்லை என்பதை அதைவிட நேர்மையாக யாரும் சொல்ல முடியாது. சாத்தனார் அந்தக் காளானை நீக்கச் சொல்லி அரசனிடம் போகவில்லை. அடுப்பெரிய வழி கேட்டுத்தான் போனார்.

*

நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். எங்கள் தொழிலில் இந்த வித்தியாசத்துக்குப் பெயரே உண்டு. குறையுள்ள பாகம் கஸ்டமர் லைனுக்குப் போய்விட்டால், முதல் வேலை 'கன்டெய்ன்மென்ட்'. கெட்டதைப் பிரித்து ஓரம் வை, மேற்கொண்டு போகாமல் நிறுத்து. அடுத்தது 'ரூட் காஸ்'. அதற்கு டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ பிரபலமாக்கிய ஒரு முறை: ஐந்து தடவை 'ஏன்' கேள்.

சொல்வது சுலபம். நான் பார்த்த ரிப்போர்ட்டுகளில் பலவும் இரண்டாவது 'ஏன்' தாண்டுவதில்லை. ஏன் துளை தவறியது? ஆபரேட்டர் பாகத்தைச் சரியாக வைக்கவில்லை. ஏன்? கவனக்குறைவு. நடவடிக்கை: ஆபரேட்டருக்கு மறுபயிற்சி. கோப்பு மூடியாச்சு. மூன்றாவது 'ஏன்' கேட்டால், அவர் தொடர்ந்து இரண்டாவது ஷிப்ட் நின்றது வரும். நான்காவது கேட்டால், ஆள் குறைத்தது வரும். ஐந்தாவது கேட்டால், கேட்பவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி வரும். ஆகவே 'ஏன்' எப்போதும் நமக்குக் கீழே இருப்பவரிடம் போய் நின்றுவிடும். அப்படி மூடிய கோப்புகள் சிலவற்றில் என் கையெழுத்தும் இருக்கிறது.

2021 டிசம்பர் 17 இரவு, சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். விடுதிச் சாப்பாட்டால் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். கூட இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று சரியான பதில் சொல்ல ஆளில்லை. மறுநாளும் சாலை அடைபட்டுக் கிடந்தது. 'திடீர்ப் போராட்டம்' என்ற பேச்சு அப்போதும் எழுந்தது. ஆனால் ஒரே வேளைச் சாப்பாட்டுக்காக ஆயிரக்கணக்கான பெண்கள் ராத்திரியில் நடுரோட்டில் உட்காரமாட்டார்கள். அதற்கு முன்னால் எத்தனையோ ராத்திரிகள் உள்ளே சேர்ந்திருக்க வேண்டும். விடுதி அறைகளும் சாப்பாட்டுக் கூடங்களும் சில தனது தரத்துக்கு உட்பட்டு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. ஆலை 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது.

நெடுஞ்சாலையைத் திறந்தாக வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வழியில் ஆம்புலன்ஸும்தான் போக வேண்டும். கேள்வி, சாலை திறந்தபின் என்ன கேட்டோம் என்பதுதான். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்க சிப்காட் குடியிருப்பு திறந்தது. அது எல்லாவற்றுக்கும் பதில் என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்றாவது 'ஏன்' வரைக்குமாவது போனதன் அடையாளமாக அதைப் பார்க்கிறேன்.

*

இங்கே ஒருவர் கேட்கலாம்: மனுஷங்களையும் காளானையும் ஒண்ணா வைக்கிறதா? நியாயமான கோபம். அந்த உவமையை வைத்தவன் நானில்லை, ஊர். அது எங்கே உடைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காளானைப் பிடுங்கினால் அதற்கு வலிக்காது, அவமானம் இல்லை. மண்ணுக்குள் அதன் உயிர் அப்படியே இருக்கும். ஆகவே அதை என்ன செய்வது என்று நான் தனியாக முடிவெடுக்கலாம். சாலையில் உட்கார்ந்த பெண்ணுக்கு வாய் இருக்கிறது. 'ஏன்' என்று நான் யூகிக்கத் தேவையே இல்லை, அவரிடமே கேட்கலாம். கேட்க முடிந்த இடத்தில் கேட்காமல் நீக்குவது, காளானுக்குச் செய்வதைவிடப் பெரிய தப்பு.

ஆக, வேண்டாததை நீக்குவது பாவம் என்று நான் சொல்லவில்லை. பாப்பாவின் வாய்க்கு எட்டும் தூரத்தில் விஷத்தை வைத்துக்கொண்டு கருணை பேச முடியாது. பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்கியதோடு காரணமும் போய்விட்டது என்று நம்புவதில்தான் பொய் இருக்கிறது. 'வேண்டாதது' என்ற சொல் அந்தப் பொருளின் குணத்தைச் சொல்வதாக நினைக்கிறோம். பெரும்பாலும் அது நாம் உண்டாக்கிவைத்த ஈரத்தைப் பற்றிய செய்தி.

*

தொட்டிக்கும் ஐந்து 'ஏன்' போட்டுப் பார்த்தேன். ஏன் காளான்? மண் காயவில்லை. ஏன்? தண்ணீர் அதிகம். ஆனால் நான் காலையில் ஒரு சொம்புதானே ஊற்றுகிறேன்? மழைச் சாரல் என்று எழுதி மூடிவிடலாமா என்று நினைத்தேன். சாரல் அந்த மூலை வரை வராது. வேறு வழியில்லாமல் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"நாந்தான் தம்பி டெய்லி சாயந்திரம் ரெண்டு சொம்பு ஊத்துவேன். நீங்க நைட்டு வேலைக்குப் போயிடுறீங்க, செடி வாடிடுமேன்னு."

எட்டு மாதம். ஒரே வராண்டா. நான் வரும்போது அவர் வீட்டில் பால் பொங்கும் நேரம், நான் கிளம்பும்போது அவர் பாப்பாவைத் தூங்கவைக்கும் நேரம். வாரம் மாறினால் ஷிப்டும் மாறும். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் காட்டிய அக்கறைதான் அந்தத் தொட்டியைச் சேறாக்கியிருக்கிறது.

இப்போது சாயங்காலத் தண்ணீர் அவர் பொறுப்பு, காலையில் நான் ஊற்றுவதில்லை. தொட்டியைக் கைப்பிடிச் சுவர் ஓரம், வெயில் படும் இடத்துக்கு நகர்த்திவிட்டோம். காளான் நின்றுவிட்டதா என்றால், இல்லை. எப்போதாவது ஒன்று மொட்டு விடும். பாப்பா எழுந்திருக்கும் முன்னால் பறித்துவிடுகிறேன். பறித்ததும் ஒரு விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்க்கிறேன்.