சுவருக்குள் இருந்த நாற்றம்



இந்த மாதம் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லியே ஆரம்பிக்கிறேன்.

நம் சபைத் தாயார் ஒருவர், மாமனார் கட்டின பழைய வீட்டில் இருக்கிறார்கள். சுண்ணாம்புக் காரை பூசின கனத்த சுவர். ஒருநாள் ஜெபக்கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "ஐயா, நடு ரூம்ல மீன் கவிச்சி வாடை அடிக்குது. நாங்க மீன் வாங்கிப் பத்து நாளாச்சு. ஞாயித்துக்கிழமை காலையிலதான் ரொம்ப வருது. ஆராதனைக்கு வர விடாம சத்துரு தடை பண்றானோன்னு பயமா இருக்கு" என்றார்கள்.

எனக்கும் அப்படியே பட்டது. போனேன். நிலைக்காலில் எண்ணெய் பூசினேன், சத்தமாய்க் கடிந்து ஜெபித்தேன். "இனிமே வராதும்மா" என்று சொல்லி, காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறும் வாடை வந்தது. எலி செத்திருக்கும் என்று மகன் பரணையே இறக்கிப் பார்த்தார். எலி இல்லை. மருமகள் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். கடைசியில் சுவருக்குப் பெயின்ட் அடித்தார்கள். ஒரு வாரம் பெயின்ட் வாடை எல்லாவற்றையும் மறைத்தது. பிறகு பழைய கதைதான்.

எலெக்ட்ரீஷியன் வேலை செய்கிற நம் தம்பி ஒருவர் வேறு காரியமாய் அந்த வீட்டுக்குப் போனார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "அம்மா, மத்த நாள்ல செய்யாம ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் என்ன செய்வீங்க?"

"என்ன தம்பி செய்வோம்? சபைக்குப் போக எல்லாரு துணியையும் அயர்ன் பண்ணுவோம்."

தம்பி உடனே மெயின் சுவிட்சை அணைத்தார். பீரோவை நகர்த்தினார். பின்னாலே சுவருக்குள் பதித்த பழைய மரப்பெட்டி. மேலே பெயின்ட் பூசி மூடிக் கிடந்தது. திறந்தால், வயர் ஜாயின்ட் தளர்ந்து, டேப் உருகி, மரம் கரிந்து போயிருந்தது. அந்தப் பீரோவை ஒட்டித்தான் இரண்டு பேரப்பிள்ளைகள் தூங்குகிறார்கள். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது.

தம்பி விளக்கினார். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நல்ல ஜாயின்டுக்கு அது பாரமே இல்லை. தளர்ந்த ஜாயின்ட்டோ அதிலேயே கொதிக்கும். கரண்ட் அளவு கூடாததால் ஃபியூஸும் போகாது. வயர், சுவிட்சு இவற்றின் பிளாஸ்டிக் சூடேறும்போது மீன் கவிச்சி போன்ற வாடை வரும். "தீ பிடிக்கிறதுக்கு முன்னால அது குடுக்கிற சத்தம் இதுதான் பாஸ்டர்" என்றார்.

அன்று இரவு லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். வேதாகமக் கல்லூரியில் ஓட்டமாய் வாசித்துத் தள்ளின அதிகாரம். வீட்டுச் சுவரில் தோஷம் கண்டால் என்ன செய்வது என்று அங்கே இருக்கிறது. ஆசாரியன் வீட்டைக் காலிபண்ணச் சொல்லுகிறான். உள்ளே போய்ப் பார்க்கிறான். ஏழு நாள் அடைத்துவைத்து, திரும்ப வந்து பார்க்கிறான். பரவியிருந்தால் அந்தக் கல்லைப் பெயர்த்து, உள்சுவரைச் சுரண்டி, வேறு கல், வேறு சாந்து வைக்கச் சொல்லுகிறான். சுத்திகரிப்பு கடைசியில்தான் வருகிறது! நானோ கடைசியை முதலில் செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

யோசுவா 7-ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். ஆயியிலே தோற்றபின் யோசுவா முகங்குப்புற விழுந்து கிடக்கிறான். கர்த்தர் அவனை எழுந்திருக்கச் சொல்லி, மறைந்திருக்கிறதைத் தேட வைக்கிறார். ஆகான் கூடாரத்துத் தரைக்குள் புதைத்து வைத்திருந்தான். ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேடுகிறதற்குப் பதிலாக ஜெபத்தை வைக்காதீர்கள்.

பிரியமானவர்களே, மூன்று காரியம்.

ஒன்று, உள்ளேயே இருக்கிறவனுக்கு நாற்றம் தெரியாது. மூக்கு சீக்கிரம் பழகிவிடும். வெளியே இருந்து வருகிறவர் சொன்னால் கோபப்படாதேயுங்கள்.

இரண்டு, எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பாரம் ஏறும்போதுதான் தளர்ந்த ஜாயின்ட் சுடும். உங்கள் எரிச்சல் எப்போது வருகிறது? மாசக் கடைசியிலா? மாமியார் வந்தாலா? அங்கேதான் பீரோவை நகர்த்த வேண்டும்.

மூன்று, மேலே பூசாதேயுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையும் நமக்கு ஒரு பெயின்ட்தான்.

வீட்டுக் காரியமாகவும் சொல்லுகிறேன். முட்டை அழுகின நாற்றம் பாத்ரூம் பக்கம் வந்தால், புழங்காத தரைக்குழியில் தண்ணீர் வற்றி, சாக்கடை வாயு ஏறியிருக்கலாம். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து ஆளைக் கூப்பிடுங்கள். கவிச்சியோ கருகலோ வந்தால் மெயினை அணையுங்கள். பெட்டியை நீங்களே திறக்காமல் எலெக்ட்ரீஷியனை வரவழையுங்கள்.

அந்தத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க ஜெபம் பண்ணினதாலதானே ஐயா அந்தத் தம்பி வந்துச்சு" என்றார்கள். அது அவர்கள் விசுவாசம். கர்த்தருக்கே மகிமை. ஆனால் இப்பொழுது எந்த வீட்டுக்கு ஜெபிக்கப் போனாலும், முழங்கால் போடுமுன் "எப்போதிருந்து? எந்த நேரத்தில்?" என்று உட்கார்ந்து கேட்கிறேன்.

நம் உள்ளத்துச் சுவர்களையும் ஆவியானவர் திறந்து காட்டுவாராக. ஆமென்.