எழுத்துக்கும் வேண்டும் அருவுருவம்

மகாராஷ்டிரத்தின் அம்பர்நாத் சிவன் கோயில் சக ஆண்டு 982-ல், அதாவது கி.பி. 1060-ல், சிலாஹார மன்னர் காலத்தில் எழும்பியது. கருவறைக்குப் படியிறங்கித்தான் போக வேண்டும். உள்ளே இருக்கும் லிங்கத் திருமேனியைச் சைவ சித்தாந்தம் அருவுருவம் என்கிறது. கண்ணுக்குப் புலப்படும், முகமோ கை கால்களோ கிடையாது. உருவம் வேண்டும், உருவத்தோடு நின்றுவிடவும் கூடாது என்ற இந்தத் தெளிவு கணினி வெளியிடும் எழுத்துக்கும் வேண்டும் என்பது என் துணிபு.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டினால் திரையில் தமிழ்தான் தெரியும். கோப்புக்குள் கிடப்பவையோ ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். உருவம் உண்டு, உள்ளே பொருள் இல்லை. படிப்பவர் மனிதர்தானே, எந்திரத்துக்குப் புரிந்தால் என்ன, புரியாவிட்டால் என்ன என்று கேட்கலாம். அந்தக் கோப்பைப் பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பானில் திறந்தால் அவர் காதில் விழுவது ஜே, கே, பி, ஓ. அவருக்கு எந்திரம்தான் கண். ஆகவே எந்திரம் படிக்கும்படி எழுதுவது எந்திரத்துக்குச் செய்யும் உபசாரம் அல்ல, மனிதருக்குச் செய்யும் கடமை. யூனிகோட் எனும் ஒருங்குறி இந்தச் சிக்கலை ஓரளவு தீர்த்தது. ‘கெ’ என்ற எழுத்தில் நம் கண்ணுக்குக் கொம்பு முதலில் வருகிறது. கோப்பில் ககரம் முதலில், கொம்பு பின்னால். சேமிப்பது ஒலி வரிசையில், காட்டுவது எழுத்து வழக்கில். இப்படி உயிர்மெய்யைக் கூறுபோடுவது தமிழ் இலக்கணத்துக்கு ஒவ்வாது என்ற குறை உண்டு. 2010-ல் தமிழக அரசு ஒருங்குறியோடு, உயிர்மெய்யைக் கூறுபோடாத டேஸ் 16 முறையையும் ஏற்றதற்குப் பின்னால் அந்தக் குறை இருக்கிறது. அது நியாயமானதே. ஆனாலும் எல்லாக் கைபேசியும் அறிந்த முறையில் எழுதினால்தான் எழுத்து எல்லாரையும் சென்று சேரும்.

எதிர்முனையில் இன்னொரு வாதம்: எந்திரத்துக்குப் புரிந்தால் போதும், வேண்டும்போது அது மனிதருக்குக் காட்டிவிடும். இதை என்னால் ஏற்க முடியவில்லை. மதுரைக்கு அருகே மாங்குளம் குகைக் கல்வெட்டு 1882-ல் கண்டறியப்பட்டது. அதன் மொழி தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-ல் காட்டினார். அந்தப் பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் மறைந்தே போயிருந்தார்கள். எழுத்து எந்திரக் குறியாக ஒளிந்திராமல் கண்ணெதிரே இருந்ததால் படிப்பு திரும்பி வந்தது. அதைவிட முக்கியமாக, வெறும் கியூஆர் கட்டம் மட்டும் அச்சிட்ட ரசீதைக் கைபேசி இல்லாத ஒருவரிடம் நீட்டினால் தொகை சரியா என்று அவர் எப்படிப் பார்ப்பார்? சரிபார்க்க முடியாத கணக்கை மறுத்துக் கேட்கவும் முடியாது.

கட்டம் அச்சிடுகிறவர்கள் அதன் பக்கத்திலேயே தொகையையும் தேதியையும் எழுத்தில் போடட்டும். பழைய எழுத்துருவில் தமிழ்க் கோப்பு வைத்திருப்பவர்கள் அதை இன்றே ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.