உப்பும் நோன்பும்

புலால் நீத்தேம் என்னும் மனநிறைவோடு நம்மவருட் பலர் ஊறுகாயையும் அப்பளத்தையும் மோர்மிளகாயையும் அளவின்றி உண்கின்றனர். சைவ உணவே; எனினும் உப்பு மிகுந்தவை. இறைவன் உறையுங் கோயிலெனத் திருமூலநாயனார் போற்றிய இவ்வுடம்பிலே குருதியழுத்தம் ஓசையின்றி ஏறும். பாரிசவாதம் வீழ்த்திய பின்னரே சிலர் அறிகின்றனர்.

உலக சுகாதார நிறுவனம் முதிர்ந்தோர்க்கு விதித்த அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்குட்பட்ட உப்பு. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. பதுளை, பசறை, ஹாலிஎலத் தோட்டங்களில் விடியலிலே உப்பிட்டுப் பிசைந்த ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் உண்டு மலையேறுவார்க்கு அதிற் பெரும்பங்கு நண்பகலுக்கு முன்னரே தீர்ந்துவிடக்கூடும். அவரைக் குறைகூறல் நம் கருத்தன்று. கொழுந்துக்கூடை சுமப்பார்க்குப் பசிதாங்குவது ரொட்டியே. வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளையும் போஞ்சியும் கோவாவும் லொறியேறி வெளியூர் செல்ல, அயலிலுள்ளார் சம்பலோடு அமைவதே வருந்தத்தக்கது. காய்கனியும் கொழுப்புக் குறைந்த பாலுணவும் மிகுந்த உணவிலே உப்பையுங் குறைக்க, அழுத்தம் மேலுந் தாழ்ந்ததென 2001ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று.

கந்தசட்டியில் உப்பு நீக்கி நோற்பாரை நாமறிவோம். ஆறு நாள் முற்றும் விட்டவர்க்கு நாடோறுஞ் சிறிது குறைத்தல் அரிதோ? நாவு சில கிழமைகளிற் பழகிவிடும். சம்பலில் உப்பைப் பாதியாக்கித் தேசிக்காய் பிழியலாம். மருத்துவர் தந்த குளிகையை மட்டும் நோன்பின் பொருட்டுத் தாமே நிறுத்துதல் தகாது. அது பக்தியன்று, பேதைமை. பாடசாலைப் பூசைக்குக் கடலை அவிக்கும் வரும் வெள்ளிக்கிழமையே உப்பை ஒருபங்கு குறைத்துத் தொடங்கலாம்.