கொலைக்குப் பின் வரும் பாகம்

காதலின் பொருட்டோ காதலனுக்காகப் பழிதீர்க்கும் பொருட்டோ கொலைக்குத் துணியும் ஒரு பாத்திரத்தின்பால் வாசகர் நெஞ்சம் உருகுவது தவறாகுமா என்ற வினாவுக்கு, அவ்வாறு உருகச் செய்வதே இலக்கியத்தின் பயன் என்று ரசிகர்களும், அதுவே சன்மார்க்கத்துக்கு ஊறு என்று நீதிவாதிகளும் விடை கூறி வருகின்றனர். இரு சாராரும் முதற்கதையோடு நின்றுவிடுகின்றனர். தர்மசங்கடம் முற்றுவதோ அக்கதைக்குத் தொடர்ச்சி எழுதப்படும்போதுதான்.

1950-ஆம் ஆண்டு முதல் 'கல்கி' இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னில், காயமுற்றுக் கிடந்த பாண்டிய மன்னன் வீரபாண்டியனுக்காக அவன் காதலி நந்தினி மன்றாடியும் இரங்காது அவன் தலையைக் கொய்த சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன், பின்னர் அந்நினைவாலேயே வதைந்து, தன் சாவைத் தானே நாடுபவனைப் போலக் கடம்பூர் மாளிகைக்கு வந்து சேர்கிறான். அவன் உயிரைப் பறித்த கை யாருடையது என்பதை ஆசிரியர் திட்டமாகச் சொல்லவில்லை. உத்தி என்ற அளவில் இது மிக உயர்ந்தது. ஆயினும், மாண்டவனே தன் மரணத்துக்கு இசைந்தான் என்ற பிரமையை அது உண்டாக்கி, கொலையைக் காதலின் பூர்த்தியாகத் தோன்றச் செய்துவிடுகிறது. நந்தினிக்கு இரங்காதவன் கல்நெஞ்சன்தான். இரக்கம் வேறு, விடுதலைத் தீர்ப்பு வேறு.

நந்தினி கற்பனைப் பெண், நாவலில் அவளோடு சதியில் சேரும் ரவிதாசன் கற்பனையல்லன். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில், முதலாம் இராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கொலை நிகழ்ந்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழிந்த பின்னர், வெட்டப்பட்ட சாசனம் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சுட்டுகிறது. அது அவர்களோடு நிற்கவில்லை. மக்கள், உடன்பிறந்தோர், தாய்மாமன்மார், பெண் கொடுத்த மாமனார், சகோதரியரை மணந்தோர் என்று உறவின் கிளைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டு, அவர்கள் உடைமைகளும் பறிக்கப்படுமாறு வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு ஆணையிடுகிறது. (நாவலின் நாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வந்துகொண்டிருக்கக் கதை தொடங்குகிறதே, அந்த ஏரிக்கரையை ஒட்டிய பிரதேசந்தான் இது.) கத்தியைக் கண்ணாலும் கண்டிராத ஒருவன், ரவிதாசனின் தங்கைக்கு மாலையிட்ட ஒரே குற்றத்துக்காக நிலமிழந்திருக்கக்கூடும். சோழ நாட்டில் அக்கொலைக்கு எழுதப்பட்ட இரண்டாம் பாகம் இதுவே. அரசநீதி என்னும் பெயரில் நிகழ்ந்த இதுவும் நியாயமாகாது.

நாவலுக்கு அடுத்த பாகம் கேட்கும் வாசகருக்கோ, நந்தினி என்ன ஆனாள் என்று அறியும் ஆவல் எழுமேயன்றி அந்த மைத்துனனின் நினைவு வராது. விக்கிரமன் அக்கதையைத் தொடர்ந்து 'நந்திபுரத்து நாயகி' படைத்ததற்குப் பின்னால் இருந்ததும் அத்தகைய ஆவலே என்று ஊகிப்பதில் பிழையில்லை. ஆவலைக் குறை கூறுவானேன்? ஆனால், கொலையில் பங்கு கொண்ட ஒருத்திக்கு வனவாசத்தையும் கண்ணீரையும் புதியதொரு காதலையும் பிராயச்சித்தமாக அளித்துச் சாந்தி பெறச் செய்ய முனையும் எழுத்தாளர், அதற்கு முன்பு, நிலமும் மனையும் இழந்து ஊரைவிட்டு வெளியேறும் ரவிதாசனின் தங்கையை அவள் எதிரே ஒருமுறையேனும் நிறுத்திப் பேசவிட வேண்டும். அவள் நந்தினியை மன்னிப்பதும் மன்னியாததும் எழுதுபவர் விருப்பம்.