தொட்டிலும் தாய்மடியும்



எஜிப்து தேசத்து அரசனாகிய பரவோன், எபிறேயருக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைகளையெல்லாம் நதியில் எறியும்படி கட்டளையிட்டான். ஒரு தாய் தன் மகவை மூன்று மாதம் ஒளித்து வைத்தாள். அதற்குமேல் கூடாமற்போகவே, நாணற்கூடைக்குக் கீல் பூசி, பிள்ளையை அதிலே கிடத்தி, ஆற்றோரத்தில் விட்டாள். மோயீசனுடைய இந்தச் சரித்திரம் நீங்கள் அறிந்ததே.

அங்கே ஆண் பிள்ளைக்கு வந்த ஆபத்து, நம் சேலம் ஜில்லாவில் பெண் பிள்ளைக்கு வந்தது. ஓமலூர்ப் பக்கமும் அதற்கு விலக்கல்ல. கள்ளிப்பாலுக்கும் நெல்மணிக்கும் பலியான சிசுக்களைப் பெரியவர்கள் வெட்கத்தோடு நினைப்பார்கள். ஆகையால் 1992-ம் வருஷம் தமிழ்நாட்டு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதன்முதல் நம் ஜில்லாவிலே தொடங்கிற்று. வளர்க்க மனமில்லாவிட்டால் கொல்லவேண்டாம், தொட்டிலில் விட்டுப் போகலாம் என்பதே அதன் கருத்து. அதனால் பிழைத்த உயிர்களுக்காகச் சர்வேசுரனுக்குத் தோத்திரம் உண்டாவதாக.

ஆனால் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, பால் கட்டிய மார்போடு வெறுங்கையாய் வீடு திரும்பினாளே, அந்தத் தாய்க்கு யார் துணை?

பரவோன் குமாரத்தி செய்ததைக் கவனியுங்கள். கூடையைத் திறந்தாள், அழுகிற பிள்ளையைக் கண்டு மனமிரங்கினாள். பெற்றவளைப் பிடித்துத் தண்டிக்கத் தேடவில்லை. தூரத்தில் நின்ற பிள்ளையின் தமக்கை சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டாள். அச்சிறுமி அழைத்து வந்தது சொந்தத் தாயையே. பாலூட்டி வளர்க்கக் கூலியும் தருவதாகச் சொல்லி, பிள்ளையை அவள் கையில் கொடுத்தாள்.

குழந்தைகள் நலத்துக்காக வீடு வீடாய்ச் செல்லும் ஊழியருக்கு இதைவிட நல்ல பாடம் ஏது? கிராமச் செவிலியராகவும் அங்கன்வாடிப் பணியாளராகவும் உள்ளவர்களே, ஏட்டைத் திறக்குமுன் திண்ணையில் உட்காருங்கள். "சாப்பிட்டாயா அம்மா?" என்று முதலில் கேளுங்கள். முகம் சுளிக்கும் மாமியாரோடும், கடனில் முழுகிய புருஷனோடும் பேசுங்கள். பிள்ளையின் கதியைத் தீர்மானிப்பவள் பல வீடுகளில் பெற்றவள் அல்லவே. ஒரு தரம் போய் மிரட்டுவதைவிட, நாலு தரம் போய்த் தேற்றுவது மேல். ஆயினும் பிள்ளைக்கு ஆபத்து என்று கண்டால், குடும்ப மானத்தை எண்ணி மறைக்கலாகாது. உடனே 1098-க்கு அறிவிக்கவேண்டும்.

சட்டமும் தாய்க்கு இடம் வைத்திருக்கிறது. 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின்படி, பிள்ளையை ஒப்படைக்க வரும் பெற்றோருக்கு ஆலோசனை சொல்லவேண்டும். கையொப்பமிட்ட பிறகும் மறுபடி யோசிக்க அவர்களுக்கு இரண்டு மாதத் தவணை உண்டு. அந்த இரண்டு மாதத்தில் ஒருவரும் அவள் வாசற்படி மிதிக்காவிட்டால், தவணையால் என்ன பயன்?

குடும்பத்தாரே, கூடைக்குக் காவல் நின்ற அந்தத் தமக்கையின் வேலை நம்முடையது. பக்கத்து வீட்டில் பெண் பிறந்தால், "மறுபடியும் பெண்ணா?" என்று கேளாதேயுங்கள். அந்தச் சொல்லும் கள்ளிப்பாலே. ஒரு செம்பு கஞ்சி கொண்டு போங்கள். மூத்த பிள்ளைகளை ஒரு பொழுது பார்த்துக்கொள்ளுங்கள். ஊழியர் வந்தால் கதவடைக்காமல், தயங்கி நிற்கும் தாயிடம் அவர்களைக் கூட்டிப் போங்கள்.

பெத்லேமில் இடமின்றி அலைந்த தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும், நம் ஊரில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வீட்டிலேயே தொட்டில் ஆடும்படி வேண்டிக்கொள்வார்களாக. ஆமென்.